தேறாத அறை

"புகை அலாரம் எங்கே?" என்று கேட்டார் ஜாஸ்ட்ரோ.

எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். நேற்று சாயங்காலம் வரை அலாரம் இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகளும், வாலைச் சுருட்டிக்கொண்ட கொஞ்சம் ஒயரும்தான் இருந்தன.

ஜாஸ்ட்ரோ எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கட்டட இன்ஸ்பெக்டர். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப், முகத்தில் பல்வலி. அவர் சிரித்ததைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

"படுக்கையறையில அலாரம் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது, நார்ப். ரூம் தேறல."

"நாலாவது தடவை!" நார்பர்ட் வெக்டால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது, கதவை அடைக்கிற உடம்பு. "நேத்து நானே மாட்டினேன்யா! பட்டனை அமுக்கிப் பார்த்தேன். என் செவிட்டுக் காதுக்கே கேட்டுது!"

"நேத்து நான் வரலையே. இந்தப் பக்கம் எனக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான். அதோட உங்க பர்மிட் இந்த மாசக் கடைசியில காலாவதி. அப்புறம் முதல்லேருந்து விண்ணப்பம் போடணும்."

"மாட்டுக்குக் கொட்டகை கட்டினேன், ஒருத்தனும் ஏன்னு கேக்கல. கோழிக்குக் கூண்டு கட்டினேன், கேக்கல. பெத்த புள்ளைக்கு ஒரு ரூம் கட்டினா நாலு தடவை தேறலைங்கிறே!"

"பண்ணைக் கட்டடத்துக்குப் பர்மிட் வேண்டாம். மனுஷன் தூங்குற இடத்துக்கு வேணும். சட்டம் நான் எழுதல, நார்ப்."

ஜாஸ்ட்ரோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியேறினார். நார்ப் கத்திக்கொண்டே பின்னால் போனார். அறையில் நானும் என் பாஸும் மட்டும் மிஞ்சினோம்.

பாஸ் என்றால் லியோனா ப்ரெஸ்கே. ஷெரீஃப் ஆபீஸில் இருபது வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது தீவனக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். நான் மில்ட் ஸ்விடா, உதவியாளன். அதற்கு முன் சீஸ் வண்டி ஓட்டினேன். அந்த வேலையில் வாசனை நன்றாக இருந்தது.

நார்ப் எங்களை அமர்த்தியது இதற்குத்தான். அவர் மகன் கர்ட்டுக்கு முப்பத்தொரு வயது. போன வருடம் சோள அறுவடையின்போது டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. மேடிசன் நகரத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். அவன் சக்கர நாற்காலியில் வந்து இருப்பதற்காக நார்ப் தன் கையாலேயே இந்தக் கீழ்த்தள அறையைக் கட்டினார். கவுண்டி கையெழுத்துப் போடும் வரை அதில் யாரும் குடியிருக்கக் கூடாது. கையெழுத்து விழுந்த அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு மேடிசனுக்குப் போய்ப் பையனைக் கூட்டிவருவேன் என்று நார்ப் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் முந்தின நாள் யாரோ உள்ளே புகுந்து எதையோ ஒன்றைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள்.

"யாரு பாஸ்?" என்றேன். "என் ஓட்டு ஜாஸ்ட்ரோவுக்குத்தான். வேலியே பயிரை மேயுது. பார்த்தீங்களா, உள்ள வந்ததும் நேரா கூரையைத்தான் பார்த்தான்."

"அவன் வேலையே அதுதான். பல் டாக்டர் வாயைப் பார்த்தா சந்தேகப்படுவியா?"

"பில்லைப் பார்த்தா சந்தேகப்படுவேன்."

லியோனா அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வீட்டில் அப்படி ஓர் அறை கிடையாது. அகலமான கதவு. படுத்தபடியே வயலைப் பார்க்கும்படி தாழ்வாக வைத்த ஜன்னல். உட்கார்ந்து எட்டும் உயரத்தில் சுவிட்சுகள். குளியலறையில் கைப்பிடிகள். மர இணைப்புகளில் ஒரு தாள் நுழைய இடம் கிடையாது. ஒரு ஆணிகூடச் சட்டத்துக்குப் புறம்பாக இருக்கக் கூடாது என்று நார்ப் ராத்திரியெல்லாம் விதிமுறைப் புத்தகத்தைப் படித்தாராம்.

"முதல் தடவை என்ன போச்சு, மில்ட்?"

"குளியலறைப் பக்கத்து ப்ளக் பாயிண்ட். ரெண்டாவது தடவை வெளியில இருக்கிற சாய்தளத்தோட கைப்பிடி. மூணாவது தடவை வாசப்படியில சக்கரம் ஏற வெச்சிருந்த சாய்வுப் பலகையைக் கழட்டிட்டாங்க."

"இதுல என்ன தெரியுது?"

"திருடனுக்குப் பெரிசா ஆசையில்லைன்னு தெரியுது. இதை வித்தா ஒரு பியர்கூட வாங்க முடியாது."

"சுவரை உடைக்கல. கண்ணாடியை உடைக்கல. பெயின்ட்ல ஒரு கீறல் இல்ல. கால் மணி நேரத்துல திருப்பி மாட்டிடலாம். ஆனா ஒவ்வொண்ணும் இல்லாட்டி ரூம் கண்டிப்பா தேறாது. கெடுக்க வந்தவங்களுக்கு விதிமுறையும் தெரிஞ்சிருக்கு, இந்த வேலை மேல மரியாதையும் இருக்கு." அவள் ஜன்னல் மேடையைக் காட்டினாள். அங்கே ஒரு பழைய ஜாம் புட்டி. அதில் அலாரத்தின் இரண்டு திருகுகளும் இருந்தன. "தரையைப் பாரு. கூரையிலேருந்து சுண்ணாம்புத் தூள் விழுந்திருக்கணுமே?"

தரை துடைத்துவிட்டது போலிருந்தது.

"நாசம் பண்ண வந்தவன் பெருக்கிட்டுப் போவானா?" என்றாள்.

அவள் அடுத்துச் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. கூடத்திலிருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அந்த ப்ளக் பாயிண்ட்டுக்குரிய சுவிட்சை இறக்கினாள். சமையலறைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். திரும்ப வந்து சுவிட்சை ஏற்றிவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"பாஸ், கரண்ட் கட்டணம் அவங்களோடது."

"ப்ளக் பாயிண்ட்டைக் கழட்டினவங்க ஷாக் அடிக்காம கழட்டியிருக்காங்க. அதுக்கு இந்த சுவிட்சை இறக்கியே ஆகணும். இதை இறக்கினா கிச்சன் அடுப்புல இருக்கிற கடிகாரமும் செத்துப் போகுது. திரும்ப ஏத்தினா பன்னெண்டு பன்னெண்டுன்னு கண்ணடிக்குது. ப்ளக் பாயிண்ட் போன அன்னைக்குக் கடிகாரம் எப்படி இருந்துச்சுன்னு நார்ப்கிட்ட காலையிலேயே கேட்டேன். சரியான மணிதான் காட்டிச்சாம்."

"அப்போ திருடன் கடிகாரத்துல மணியைச் சரி பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கான்?" கேலிக்கு இடமில்லாத விஷயம் என்று மூளைக்கு அப்போதுதான் உறைத்தது.

"நார்ப் புதன்கிழமை சாயங்காலம் எங்க போவாரு?"

"டாவர்ன் மதுக்கடையில ஷீப்ஸ்ஹெட் சீட்டாட்டம். அவரு மட்டுமா, இந்த டவுன்ஷிப்புல மீசை வெச்ச எல்லாரும்."

"மீசை இல்லாதவங்க?"

லியோனா கடைசியாக அறையின் துணி அலமாரியைத் திறந்தாள். வார்னிஷ் வாசனை வந்தது. கம்பியில் மர ஹேங்கர்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் காலி. அவள் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாடியில கர்ட்டோட பழைய ரூம் இருக்கு, தெரியுமா?" என்றாள். "இந்த வீட்டு செப்டிக் டேங்க் மூணு படுக்கையறைக்குத்தான் தாங்கும். நாலாவது கட்டணும்னா புது டேங்க் போடச் சொல்லுது கவுண்டி. துணி அலமாரி இருந்தாத்தான் அது படுக்கையறைன்னு ஒரு கணக்கு. அதனால நார்ப் மாடி ரூம் அலமாரியை இடிச்சிட்டு அதைத் தையல் அறைன்னு காட்டிட்டாரு."

"இந்தக் கவுண்டியில பாதிப் பேர் அதைத்தானே பண்றாங்க? தையல் அறை எண்ணிக்கையைப் பார்த்தா நாம பாரிஸுக்கே சட்டை தைச்சுக் குடுக்கணும்."

"அந்த அலமாரியில இருந்த கர்ட்டோட துணியெல்லாம் எங்க, மில்ட்? புதுசா அலமாரி பண்ணி, ஹேங்கர் மாட்டி ரெண்டு மாசமாச்சு. புள்ள வரப்போறான்னா அம்மா முதல்ல செய்யிற வேலை என்ன? ஒரு சட்டைகூடத் தொங்கல."

*

சமையலறையில் ஆர்லிஸ் வெக்டால் எங்களுக்குக் காபி ஊற்றினாள். ஒல்லியான பெண்மணி. கணவர் கத்தும்போது அவள் சத்தமே இல்லாமல் எதையாவது துடைப்பாள். மேஜையில் பூசணிக்காய் ரொட்டி இருந்தது. நான் இரண்டு துண்டு எடுத்தேன், சோகத்தில் எனக்குப் பசிக்கும்.

நார்ப் உள்ளே வந்து தொப்பியை மேஜைமேல் எறிந்தார். "போயிட்டான்! இன்னும் ரெண்டு வாரம். அதுக்குள்ள பர்மிட் செத்துப் போயிடும். கர்ட்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன், லியோனா? கிறிஸ்துமஸுக்கு வீட்டுல இருப்பேன்னு அவன் நம்பிக்கிட்டு இருப்பான்."

ஆர்லிஸ் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

அப்போது எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம். *கீச்.*

"குருவியா?" என்றேன்.

"பின்கட்டுல கூடு கட்டியிருக்கு," என்றாள் ஆர்லிஸ் சட்டென்று.

"என்ன குருவி?" என்றார் நார்ப். நாற்பது வருடம் டிராக்டர் மேல் உட்கார்ந்தவர். அந்த மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் அவர் காதை எப்போதோ கைவிட்டுவிட்டன.

லியோனா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வருடத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. "நவம்பர்ல கூடு கட்டுற குருவியா?" என்று மெதுவாகச் சொன்னாள். "அதுக்கு யாரு பர்மிட் குடுத்தது?"

ஆர்லிஸின் கை நின்றது.

"நார்ப், ஜாஸ்ட்ரோ இங்கேருந்து எங்க போவாரு?" என்றாள் லியோனா.

"எங்க போவான், டாவர்னுக்குத்தான். வியாழக்கிழமை சூப்பு."

"போய்க் கூட்டிட்டு வாங்க. அலாரம் கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. சூப்பைக் குடிச்சிட்டே வரட்டும். ரூம் இன்னைக்கே தேறிடும்."

"நிஜமாவா?" நார்ப் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அதை எடுத்து வைக்காமல் ஆர்லிஸின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். "கேட்டியா, ஆர்ல்? நல்ல கோட்டு எடுத்து வை. சாயங்காலம் மேடிசன்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அவ்வளவு பெரிய உருவம் ஓடி நான் பார்த்ததில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

*கீச்.*

லியோனா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். பூட்ஸுகளுக்கும் பால் வாளிகளுக்கும் நடுவில் ஒரு பெரிய ஃப்ரீஸர் பெட்டி இருந்தது. சுவரில் துப்பாக்கி மாட்டும் மரக் கொக்கிகள். மான் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். எங்கள் ஊரில் இந்த வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறை மேஜையில் துப்பாக்கி எண்ணெய் வாசனைதான் அடிக்கும். இங்கே இருந்த ஒரே துப்பாக்கியில் தூசி படிந்திருந்தது.

லியோனா அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். "போல்ட் இல்ல," என்றாள். குண்டை உள்ளே தள்ளிச் சுடவைக்கும் அந்த இரும்புத் துண்டு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கைத்தடி.

அவள் ஃப்ரீஸரைத் திறந்தாள். விபத்து நடந்த வீடு என்று போன வருடம் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த மான் கறி, வெள்ளைத் தாளில் கட்டிக் கட்டி அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பெயர். தொடை. முதுகு. கொத்துக்கறி. அடியில் ஒரு மூலையில் மட்டும் ஈரல்.

"நார்ப் எதைச் சாப்பிட மாட்டாரு, ஆர்லிஸ்?" என்றாள் லியோனா திரும்பாமலே.

"ஈரல்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த வாசனையே ஆகாது அவருக்கு."

முதல் ஈரல் பொட்டலம் என் கையிலேயே கீச்சென்றது. பிரித்தால் புகை அலாரம். குளிரில் பேட்டரி தளர்ந்து உயிருக்கு அழுதுகொண்டிருந்தது. இரண்டாவது பொட்டலம் சின்னதாகவும் கனமாகவும் இருந்தது. அதற்குள் துப்பாக்கியின் போல்ட்.

திருடியைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது ஜோக் அடிப்பேன். இந்த முறை அலாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆர்லிஸ் வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. எப்போதோ அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள்.

"அவன் வர மாட்டான்," என்றாள். "செப்டம்பர்லயே போன் பண்ணிட்டான். மையத்துல பழக்கமான பையனோட சேர்ந்து மேடிசன்லயே ஒரு வீடு பார்த்துட்டானாம். துணியை அனுப்பச் சொன்னான். அவரு வயல்ல இருக்கும்போது பார்சல் கட்டி அனுப்பினேன். 'அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா'ன்னான்."

"ஏன் வர மாட்டானாம்?"

ஆர்லிஸ் கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்தாள். "அந்த டிராக்டருக்குத் தலைக்கு மேல ஒரு இரும்பு வளைவு இருந்துச்சு. வண்டி கவிழ்ந்தா ஓட்டறவனை நசுங்காம காப்பாத்துறது. இவரு கட்டின கொட்டகைக்கு வாசல் உசரம் பத்தல. வளைவு இடிச்சுது. வாசலை உசத்தி வெட்டுறது ஒரு நாள் வேலை. இவரு வளைவைக் கழட்டிப் போட்டாரு. எல்லாரும்தான் கழட்டுறாங்க இங்க. கர்ட் வேண்டாம்னான். இவரு சிரிச்சாரு. அந்த வாரம் கர்ட்தான் மேட்டு நிலத்துல ஓட்டினான்."

பர்மிட் கேட்காத கொட்டகை. வாசல் உயரத்தைப் பார்க்க எந்த ஜாஸ்ட்ரோவும் வராத கொட்டகை. இந்த அறையில் ஒரு ஆணிகூடத் தப்பாக இருக்கக் கூடாது என்று ஒரு மனிதர் ஏன் ராத்திரி முழுக்க விதிமுறைப் புத்தகத்தைப் படித்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"'அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அழறாரு, அவரைத் தேத்துற வேலையும் நானேதான் பார்க்கணும், அதுக்கு என்கிட்ட தெம்பு இல்லம்மா'ன்னான். நான் என்ன சொல்ல? அவன் சொன்னது தப்பா?"

"தப்பில்ல," என்றாள் லியோனா.

"போன டிசம்பர்ல ஒருநாள் காலையில இவரைக் காணோம். கொட்டகையில துப்பாக்கியை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. மான் சீசன் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. நான் ஒண்ணும் கேக்கல. காபி ஆறுது, வான்னு மட்டும் சொன்னேன். வந்தாரு. அன்னைக்கே போல்ட்டைக் கழட்டினேன். அப்புறம்தான் இந்த ரூம் யோசனை வந்துச்சு. அளவு எடுக்க எழுந்தாரு. பலகை வாங்க எழுந்தாரு. மறுபடி சாப்பிட ஆரம்பிச்சாரு." அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள். "ரூம் தேறாம அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு இவரு கொஞ்ச மாசமா போறதும் இல்ல, போன் பேசுறதும் இல்ல. ரூம் தேறிட்டா மேடிசனுக்குப் போவாரு. போனா தெரிஞ்சிடும். தெரிஞ்சா மறுநாள் காலையில எதுக்கு எழுந்திருப்பாரு? அதனாலதான் கழட்டினேன். பெரிசா எதுலயும் கை வைக்க மனசு வரல. அவ்வளவு அழகா பண்ணியிருக்காரு."

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. டாவர்னுக்குப் போய்த் திரும்ப நார்ப்புக்கு அதிக நேரம் ஆகாது.

"இன்னும் கொஞ்ச நாள்," என்றாள் ஆர்லிஸ். "கிடைக்கலைன்னு சொல்லிடுங்களேன். பர்மிட் காலாவதி ஆகட்டும். புது விண்ணப்பம்னா வசந்தம் வரைக்கும் ஓடிடும்."

"வசந்தத்துக்கு அப்புறம்?"

ஆர்லிஸ் கோத்த விரல்களைப் பிரித்து மறுபடி கோத்துக்கொண்டாள்.

"ஆர்லிஸ், அவரு என்னைக் கண்டுபிடிக்கச் சொல்லி அமர்த்தினாரு. கண்டுபிடிச்சிட்டேன். அவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உண்மையை யாரு முதல்ல சொல்லணும்ங்கிறது உங்க வீட்டு விஷயம்." லியோனா அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. "நீங்க ஒரு ஆளைத் தனியா ஒரு வருஷமா தாங்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க. கை வலிக்கலையா?"

ஆர்லிஸ் எழுந்து என் கையிலிருந்து அலாரத்தை வாங்கிக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையிலிருந்து புது பேட்டரி எடுத்தாள். ஃபியூஸ் சுவிட்சை இறக்கினாள், ஸ்டூலில் ஏறினாள், ஜாம் புட்டியிலிருந்து திருகுகளை எடுத்து அவளே மாட்டினாள். பழகிய கை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், அதைத் தவிர எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

*

ஜாஸ்ட்ரோ பட்டனை அமுக்கினார். அலாரம் வீடே அதிரும்படி கத்தியது. நார்ப் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"இருக்கு," என்றார் ஜாஸ்ட்ரோ. ப்ளக் பாயிண்ட், கைப்பிடி, வாசப்படி எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலில் ஒட்டியிருந்த பர்மிட் அட்டையில் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "நார்ப், நான் ஆயிரம் ரூம் பார்த்திருக்கேன். இது மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல." அதைச் சொன்னதற்கே கூச்சப்பட்டவர் போல வேகமாகப் போய்விட்டார். அவரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கினேன்.

நார்ப் திரும்பினார். "கோட்டு எங்க, ஆர்ல்? இப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம். லியோனா, எங்க இருந்துச்சு அலாரம்? எந்தப் படுபாவி?"

லியோனா ஆர்லிஸைப் பார்த்தாள்.

"நான்தான், நார்ப்," என்றாள் ஆர்லிஸ்.

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"உட்காரு," என்றாள். அவர் புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். செப்டம்பர் போன், மேடிசன் வீடு, துணிப் பார்சல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கர்ட் சொன்ன வார்த்தைகளைக்கூட மாற்றவில்லை. நாங்கள் வெளியே போக நகர்ந்தோம். நார்ப் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். ஏன் என்று தெரியவில்லை. யாராவது இருந்தால்தான் தாங்க முடியும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் முடித்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"என்னாலதானே?" என்றார்.

ஆர்லிஸ் பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றாள்.

அவர் தலையாட்டினார். கண்ணீர் மூக்கில் வழிந்து சட்டையில் விழுந்தது, துடைக்கவில்லை.

"நீ மூணு மாசமா இதைத் தனியா வெச்சிக்கிட்டு இருந்தியா?"

"நீ டிசம்பர்ல கொட்டகையில உட்கார்ந்திருந்தே, நார்ப். எனக்குப் பயம்."

"தெரியும்." அவர் தன் பெரிய கைகளைப் பார்த்தார். "போல்ட் ஈரல் பொட்டலத்துல இருக்கு."

நான் லியோனாவைப் பார்த்தேன். லியோனா என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் நான் முதல்முறையாக ஆச்சரியத்தைப் பார்த்தேன்.

"ஜனவரியிலயே தேடிக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் நார்ப். "வீடு பூரா தேடினேன். எதுக்குத் தேடினேன்னு கேக்காதே. பொட்டலத்தைப் பிரிச்சேன். மேல நீ ஈரல்னு எழுதியிருந்தே. உன் எழுத்து எப்பவும் அச்சு மாதிரி இருக்கும். அதுல கோணலா நடுங்கியிருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் பழையபடி கட்டி அதே இடத்துல வெச்சிட்டு வந்து படுத்தேன்."

ஆர்லிஸ் அப்போதுதான் அழுதாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். நாங்கள் இருவரும் சுவரோடு சுவராக நின்றோம். பனியில் வெளிச்சம் பட்டு அறை முழுக்க வெள்ளையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நார்ப் எழுந்தார். "அவன் நம்பரைப் போட்டுக் குடு," என்றார்.

"நார்ப், வேண்டாம். வற்புறுத்தாதே."

"வற்புறுத்தல. போடு."

சமையலறைச் சுவர் போனில் அவள் எண்களைச் சுழற்றிக் கொடுத்தாள். அவர் நல்ல காதில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"கர்ட். அப்பா பேசுறேன்." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரூம் தேறிடுச்சு. இல்ல, கூப்பிட வரல. அம்மா எல்லாம் சொல்லிட்டா. நீ அங்கேயே இரு. அதுதான் சரி." அவர் குரல் உடையப் பார்த்தது. ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பல்லைக் கடித்து, திரும்பக் காதில் வைத்தார். "நான் அழறதுக்காகக் கூப்பிடல. அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லக் கூப்பிட்டேன். அந்த வாசலை நான் உசத்தி வெட்டியிருக்கணும். ஒரு நாள் வேலை. சோம்பேறித்தனம். நீ வேண்டாம்னு சொன்னே, நான் சிரிச்சேன். தப்பு என்னோடது. யாராவது கேட்டா அப்படியே சொல்லு. என்னை நீ மன்னிக்க வேண்டாம். தேத்த வேண்டாம். அது உன் வேலை இல்ல. அவ்வளவுதான்ப்பா."

அவர் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.

"என்ன சொன்னான்?" என்றாள் ஆர்லிஸ்.

"ஒண்ணும் சொல்லல," என்றார் நார்ப். "ஆனா, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வைக்கல."